பழைய கோலும் புதிய பூணும்

பழுதுபட்ட பழம்பொருள் ஒன்றைக் கையிலெடுத்துச் செப்பனிடத் தொடங்கும் எவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய வினாக்களில் ஒன்றுக்கு விடை கூறத் தொடங்கிவிடுகிறார். எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று அவர் தீர்மானிக்கும் கணத்திலேயே, அப்பொருளின் ஸ்வரூபம் எதில் நிலைபெற்றிருக்கிறது என்பது பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டென்பது வெளிப்பட்டுவிடுகிறது. கோபுரத்தைப் புதுக்குகிறவருக்கும் குடும்பத்துக் குத்துவிளக்கைத் துலக்குகிறவருக்கும் இது பொருந்துவது போலவே, இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தில் நெடுங்காலம் தொங்கிக்கிடந்து, இப்போது என் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் ஒரு ஸ்னூக்கர் கோலைச் செப்பனிடுகிறவனுக்கும் பொருந்தும். விளையாட்டுக் கருவியை முன்னிட்டு ஆன்ம விசாரம் செய்யலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். தெய்வ விக்கிரகத்தை முன்னிட்டு இவ்வினாவை எழுப்பும்போது நம் பக்தி முந்திக்கொண்டு விடையளித்துவிடுகிறது. வெறும் மரக்கோலை முன்னிட்டு எழுப்பும்போதுதான், பொருளைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் நாம் மெய்யாகவே எதை நம்புகிறோம் என்பது மறைப்பின்றித் தெரியவருகிறது.

இத்தகைய கோல்கள் எங்கள் மலைகளுக்கு ஏறிவந்த வழி அறியத்தக்கது. ஸ்னூக்கர் என்னும் ஆட்டம் பிறந்ததே இந்திய மண்ணில்தான். 1875ஆம் ஆண்டில் ஜபல்பூர் இராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தோடு நிறப் பந்துகளைச் சேர்த்து இதனை வகுத்தார் என்பதும், பின்னர் உதகமண்டலத்துக் கிளப்பில் இதன் விதிகள் ஒழுங்குபெற்றன என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. ஜபல்பூரில் ஆட்டம் வகுக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டாகிய 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் தோன்றியது. அக்காலத்தில் கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. புகைவண்டி 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்டு, கற்பலகைகளின்மீது பச்சைக் கம்பளி விரித்த, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள ஆட்டமேசைகள் மலைகளுக்கு வந்து சேர்ந்தன. ஹில் கிளப்பிலும் கிராண்ட் ஹோட்டலிலும் அத்தகைய ஆட்ட அறைகளை இன்றும் காணலாம். துரைமார் மாலையில் அங்கே கூடினார்கள். உள்நாட்டவருக்கு நெடுங்காலம் அங்கே உறுப்புரிமை இருக்கவில்லை.

உறுப்புரிமை இல்லாத ஒருவரும் அந்த அறையில் எப்போதும் இருந்தார். அவருக்கு மார்க்கர் என்று பெயர். ஆட்டக் கணக்கைப் பலகையில் குறிப்பது, பந்துகளை எடுத்து உரிய இடத்தில் வைப்பது, கோல்களைத் துடைத்துத் தாங்கியில் நிறுத்துவது, மூடுபனியின் ஈரம் ஏறிக் கனத்துப்போன கம்பளித் துணியைத் தூரிகையால் நீவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சமப்படுத்துவது ஆகிய காரியங்கள் எல்லாம் அவருடையவை. என் கைக்கு வந்த கோல், அவ்வாறு ஒரு தோட்டத்துரைமார் கிளப்பில் மார்க்கராயிருந்த ஒருவர் வீட்டுக் கோல். பழசாகிவிட்டதென்று கழித்துவிட்டதை அவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவருடைய மகன், இப்போது தாமே மிக முதிர்ந்தவர், அதை எடுத்துக் கொடுக்கும்போது, “தொரமாரு வெளாடுவாங்க தம்பி, தொடைக்கிறது எங்கப்பா” என்று மட்டும் சொன்னார். சுவரில் சாய்த்து வைத்தால் கோல் வளைந்துவிடும் என்பது தந்தையிடமிருந்து அவருக்குத் தெரிந்திருந்தது; ஆகவே பழைய சேலைத் துணியில் சுற்றி, நுனியில் கயிறு கட்டி, அடுப்புப் புகை மெல்லப் படும் இடத்தில் பரண் சட்டத்திலிருந்து நேர்க்குத்தாகத் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அது கண்டெடுக்கப்பட்ட பொருள்; அவர் வீட்டிலோ அது ஒருநாளும் தொலைந்ததில்லை.

கோலின் மரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏறத்தாழ நாலடி பத்தங்குல நீளமுள்ள அந்தக் கோலின் முன்தண்டு, குளிர்நாட்டு ஆஷ் மரத்தால் ஆனது. அம்மரத்தின் ரேகைகள் அம்புமுனைகள் போல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். கைப்பிடிப் பகுதியோ கருங்காலி. இரண்டு மரங்களையும் நீண்ட கூர்முனைகளாகச் சீவி, ஒன்றின் பிளவில் மற்றொன்றைச் செருகி, வச்சிரம் தடவி இறுக்கியிருக்கிறார்கள். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான அந்தக் கருங்காலி, தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் வளர்வது; இலங்கைக் கருங்காலிக்கு ஐரோப்பிய மரவினைஞரிடையே தனி மதிப்பிருந்தது. அடிமரங்களாகக் கப்பலேறிச் சென்ற இந்நாட்டு மரம், சீமைப் பட்டறைகளில் அந்நாட்டு மரத்தோடு மணம் முடித்து, துரைமாரின் கைப்பொருளாக இத்தீவின் மலைகளுக்கே திரும்பி வந்ததுண்டு. ஒரு பொருளின் சொந்த ஊர் எது என்று கேட்பவர் இவ்வகைக் கோல்களின் முன் சற்றே தயங்கவேண்டியிருக்கும்.

இனிச் செப்பனிடும் காரியம். கோலைச் சமதளத்தில் உருட்டியும், ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நுனிவரை நோக்கியும் அதன் நேர்மையைச் சோதிக்கவேண்டும். நுண்ணிய வளைவு இருந்தால் அதை விட்டுவிடுவதே விவேகம், வலிந்து நிமிர்த்தினால் மரத்தின் நார் முறியும். பல்லாண்டுச் சாக்குப்பொடியும் புகையும் வியர்வையும் சேர்ந்து இறுகிய படலத்தை, பிழிந்த துணியால் பொறுமையோடு துடைக்கவேண்டும். உப்புத்தாளைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு மரமும் போய்விடும், தண்டு மெலியும், அதன் பழைய விசை திரும்பக் கிடைக்காது. அடிபட்டு அமுங்கிய பள்ளத்தின்மீது ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரியை மெல்லக் காட்டினால், நீராவியால் நார்கள் தாமே உப்பி எழுந்து பள்ளத்தை நிரப்புகின்றன. பிரிந்துபோன பொருத்தில் பழைய வச்சிரத்தை இளக்கி எடுத்துப் புதிய வச்சிரம் இடவேண்டும். நுனியில் வெடித்திருந்த பித்தளைப் பூணை நீக்கி வேறு பூண் இட்டேன். தோல் நுனியோ காய்ந்து கல்லாகியிருந்தது. அதையும் சீவி எறிந்து, புதுத்தோல் ஒட்டி, குவிவாகச் செதுக்கினேன். இறுதியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும் தேய்த்தேன்.

பூண் புதிது, தோல் புதிது, வச்சிரம் புதிது, மேற்பூச்சும் புதிது. இது அந்த மார்க்கர் துடைத்த கோல்தானா?

இவ்வினாவை உலகம் பல முறை கேட்டிருக்கிறது. தீசியஸ் என்னும் வீரனின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து, உளுத்த பலகையை நீக்கி நல்ல பலகை இட்டுவர, அது அதே கப்பல் என்று ஒரு சாராரும் அன்று என்று ஒரு சாராரும் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழித்த பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது மெய்க்கப்பல் என்று, பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற ஆங்கில ஞானி வினாவைக் கூர்மையாக்கினார். நம் நையாயிகரும் வைசேஷிகரும் இதில் மிகக் கண்டிப்பானவர்கள்: ஆடையிலிருந்து ஓர் இழை போனாலும் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை தோன்றிவிட்டது என்பது அவர்கள் கொள்கை. இலங்கையின் பௌத்தர்கள் பெரிதும் போற்றும் மிலிந்த பஞ்ஞம் என்ற பாளி நூலில், நாகசேனர் என்ற பிக்கு அரசனுடைய தேரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார்: அச்சும் தேரன்று, சக்கரமும் தேரன்று, நுகமும் தேரன்று, இவற்றிற்கு அப்பாலும் தேர் என ஒன்றில்லை; உறுப்புகளின் சேர்க்கையை முன்னிட்டு வழங்கும் பெயரே தேர். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல என்றும் அவரே கூறுகிறார்.

சைவ சித்தாந்தம் வேறு வழியிற் செல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்கி மீளவும் தோன்றுவதைச் சொல்லித் தொடங்குகிறது. உள்ளது அழிவதில்லை, இல்லாதது தோன்றுவதில்லை. அழிவென்று நாம் அஞ்சுவது காரணத்தில் ஒடுங்குதலேயாகும். சங்காரத்தொழில்கூட, பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் அளிக்கும் இளைப்பாறல் என்று சித்தாந்திகள் கருணையோடு பொருள் கொள்கிறார்கள். புகையேறிய துணிக்குள் ஆட்டமின்றி ஒடுங்கியிருந்த ஒரு பொருளை நோக்கும்போது, அதை இறந்த பொருள் என்று கருதுவதைவிட இளைத்து ஓய்ந்த பொருள் என்று கருதுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூல்களில் வாதம் முடிவதில்லை. ஆனால் கோயில்கள் வாதிட்டுக்கொண்டிருக்க இயலாது, காரியம் செய்தாக வேண்டும். ஆகவே அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது பயனுடையது. காஞ்சிபுரத்து அத்தி வரதர் திருமேனி, அனந்தசரஸ் குளத்து நீருக்குள் நாற்பது ஆண்டுகள் இருந்து, 2019இல் 48 நாட்கள் வெளிவந்து தரிசனம் தந்து, மீண்டும் நீருக்குள் சென்றது. அங்கே அதே மரம் அப்படியே காக்கப்படுகிறது. பூரியிலோ 2015இல் நடந்தது போல, பழைய தாரு விக்கிரகங்களை நீக்கிப் புதிய வேப்பமரத்தில் விக்கிரகங்கள் செய்து, பிரம்ம பதார்த்தம் என்று வழங்கும் மறைபொருளை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றி, பழைய திருமேனிகளை மண்ணில் அடக்கம் செய்துவிடுகிறார்கள். ஆயினும் ஜகந்நாதர் மாறிவிட்டார் என்று ஒடிசாவில் எவரும் சொல்வதில்லை. ஆகம விதிப்படி நடக்கும் நம் சிவாலயத் திருப்பணியில், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து தற்காலிக ஆலயமாகிய பாலாலயத்தில் வைக்கிறார்கள். சிற்பியும் தச்சரும் தம் வேலையை முடித்தபின், கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அஷ்டபந்தனத்தால் பீடத்தைப் பொருத்திக் கும்பாபிஷேகம் செய்கிறார்கள். அந்த மருந்து என்றென்றைக்கும் நிற்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. பன்னிரண்டு ஆண்டில் மறுபடியும் சாத்தவேண்டும் என்பதே மரபு.

காஞ்சியில் மரம் மாறவில்லை. பூரியில் மரம் மாறுகிறது. ஆகம ஆலயத்தில் கல் நிற்க, பந்தனம் மாறுகிறது. மூன்றிலும் மாறாதது எது என்று எண்ணிப் பார்த்தால், பேணும் கைகளின் தொடர்ச்சி ஒன்றே எஞ்சுகிறது. பாலாலயக் காலத்திலும் நித்திய பூசை நிற்பதில்லை. அந்தப் பூசை அறுந்துவிட்டால், ஒரு கல்லும் பெயராத ஆலயமும் பாழ்ங்கோயில் ஆகிவிடுகிறது. நான் கொண்ட முடிபு இதுதான்: ஒரு பொருள் அதுவாகவே நீடிப்பது அதன் அணுக்களால் அன்று, அதைத் தன் பொறுப்பென ஏற்று, அதன் தர்மம் இன்னதென அறிந்து, அதற்கேற்ப அதைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் மனிதரின் சங்கிலியால். தோல் நுனி தேயும்தோறும் மாற்றுவது ஒவ்வொரு கோலுக்கும் இயல்பு. ஆடப்பட்ட எந்தக் கோலிலும் செய்தவன் ஒட்டிய முதல் தோல் நெடுநாள் இருப்பதில்லை. மாற்றத்தைத் தாங்குவது அதன் தர்மத்திலேயே அடங்கியது. ஆகவே புதுப்பூண் இட்ட கையும் அச்சங்கிலியில் ஒரு கண்ணியாயிற்றே தவிர, அதை அறுத்த கருவி ஆகவில்லை.

எங்கள் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, மன்மதன் சிவனுடைய நெற்றிக்கண்ணால் எரிவதையும் ரதியின் புலம்பலையும் அவன் மீண்டு எழுவதையும் இரவெல்லாம் ஆடுகிறார்கள். தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு பக்கமாய் நின்று, காமன் மெய்யாகவே எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே வாதிடுவதும் உண்டு. உடல் போனபின் எழுந்தவன் முன்னிருந்தவனே என்பதற்குச் சான்று என்ன? உருவமற்று எழுந்தவனை ரதியொருத்தி அறிந்துகொண்டாள் என்று கதை சொல்கிறது. வடிவம் அழிந்த நிலையிலும், விடாது நினைந்தவளுடைய அன்பு அவனை அவனாகவே அடையாளம் கண்டது. ஏடறியாத தோட்டத்து மக்கள் வருஷந்தோறும் நெருப்பின் முன் நின்று ஆடிக் காட்டும் இந்த விடைக்கு, ஹாப்ஸின் கேள்வியைவிட ஆழம் உண்டென்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இங்கே ஒரு வலிய ஆட்சேபம் எழும்; அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. அதிகாலையில் ஆட்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, அட்டைக்கடியில் மலையேறிக் கொழுந்து பறித்து, பத்தடி லய அறையாகிய காம்பிராவில் குடும்பத்தோடு அடங்கிக் கிடந்த மக்களின் உழைப்பின்மேல் நின்றதல்லவா அந்தக் கிளப்? அந்த சுகபோகத்தின் சின்னத்தை, அம்மக்களின் வழித்தோன்றல்களே மெருகேற்றிப் போற்றுவது அடிமைப் புத்தி ஆகாதா? துரை விளையாடிய கோல் என்ற பெருமைக்காக ஒருவர் அதைப் புதுக்குவாராயின், ஆட்சேபம் முற்றிலும் நியாயமே. நான் சொல்லிவந்த கொள்கையின்படியோ, அந்தக் கோலைக் கோலாக நீடிக்கச் செய்தவர் துரை அல்லர். அவர் மாலையில் சிறிது நேரம் அதைப் பிடித்துவிட்டு வைத்தார். அதன் வளைவைக் கவனித்து, ஈரத்தைத் துடைத்து, அது கழிக்கப்பட்ட பின்னும் கைவிடாது காத்தவர் மார்க்கர். கைப்பிடியின் கருங்காலியில் வழுவழுப்பாய்ப் படிந்திருக்கும் தேய்மானத்தில் இருவர் கைகளும் கலந்திருக்கின்றன. ஆயின் காலத்தைக் கடந்து அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒருவர் கையே. இவ்வகை மேசையாட்டமும் ஒரு சாதியாரின் தனியுடைமையாக நின்றுவிடவில்லை. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்று இலங்கைக்கு முதல் உலக சாம்பியன் பட்டத்தைத் தேடித் தந்தவர் எம். ஜே. எம். லாபிர்.

இவ்விசாரம் ஒரு கோலோடு நின்றுவிடுவதன்று. ஒன்று எதனால் அதுவாயிருக்கிறது, யாருக்கு உரியதாகிறது என்ற கேள்விக்கு மூலத்தைக் காட்டு என்று விடை கூறுவது ஒரு நெறி. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்நெறியில் நின்றது: தந்தை இத்தீவில் பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று அது கேட்டது. பிறப்புப் பதிவு என்பதே அரிதாயிருந்த லயங்களில் அதற்கு எதைக் காட்டுவது? தலைமுறை தலைமுறையாக இம்மலைகளை வெட்டித் திருத்திக் கவ்வாத்துச் செய்து பசுமையாக வைத்திருந்த இந்திய வம்சாவளி மக்கள், ஒரு கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. மூலம் எது என்று கேட்ட சட்டம், பேணியது யார் என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். மண்ணுக்கும் மரத்துக்கும் பேணுதலே முதன்மையான உறவு என்று ஒப்புக்கொள்வது தத்துவத்தில் ஒரு நிலைப்பாடு மாத்திரமன்று. அது நீதியின் ஓர் அடிப்படையுமாகும்.

பேணுதல் உரிமையைத் தருவது போலவே கடமையையும் தருகிறது. பழம்பொருளைப் புதுக்குகிறவர்க்கு மூன்று நியமங்கள் உண்டென்று இந்த வேலையினிடையே எனக்குத் தெளிவாயிற்று. முதலாவது, பழுதை நீக்கலாம், அனுபவத்தை நீக்கலாகாது: வெடித்த பூண் பழுது, கைபட்டுக் கறுத்த மரம் அனுபவம். அதைச் சுரண்டிப் புதுமரம்போல் ஆக்குவது, காத்தவரை வரலாற்றிலிருந்து துடைத்தெறிவதாகும். இரண்டாவது, அடுத்து வருகிறவர் கழற்ற முடியாத எதையும் செய்யலாகாது. மிருகத்தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுக்கும். ஆகையால் நாளை என்னைவிடக் கைத்திறமுள்ளவர் என் வேலையைப் பிரித்துச் செம்மை செய்யலாம். பன்னிரண்டு ஆண்டுக்குமேல் தன்னை நம்பாத அஷ்டபந்தனத்தில் உள்ள பணிவு இதுவே. மூன்றாவது, பொருளை அதன் தர்மத்துக்குத் திருப்பவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கோல் பாதுகாக்கப்பட்டதே ஒழிய மீட்கப்பட்டதன்று. பூசையற்ற விக்கிரகத்தின் நிலையே அதன் நிலையும்.

ஆகவே இந்தக் கோல் ஆடப்படவேண்டும். அந்த முதியவரின் பேரப்பிள்ளைகள் ஹட்டனில் படிக்கிறார்கள். ஆட்டம் பழகும் விருப்பம் அவர்களுக்கு உண்டு. கோல் அவர்களிடமே திரும்புகிறது. அவர்கள் ஆடும்போது தோல் தேயும், அவர்களே மாற்றுவார்கள். பூண் ஒருநாள் மறுபடியும் வெடிக்கும். தண்டுகூட ஒரு காலத்தில் முறியலாம். மார்க்கராயிருந்த அவர்களுடைய பூட்டனாரின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, இன்னின்ன உறுப்பு எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்து, கோலின் உறைக்குள் வைத்துக் கொடுக்கிறேன். மாற்றுகிறவர் ஒவ்வொருவரும் அத்தாளில் தம் பெயரையும் செய்த வேலையையும் எழுதிவரவேண்டும் என்பதே அவர்களிடம் நான் கேட்கும் ஒரே நிபந்தனை. ஏனெனில் இதைச் செய்தவன் பெயர் இல்லாமற் போனாலும், வாங்கியவன் பெயர் மறந்துபோனாலும் குறைவில்லை, காத்தவர்களின் பெயர் மட்டும் விட்டுப்போகலாகாது.